ஓடை மீனுக்குத் தோட்டக்காரரே காவல்

(நெல்லியாளம் வட்டாரச் சிறு விவசாயிகளுக்கான உரை)



தேயிலையும் மிளகும் பயிரிடும் நமக்கு மீனைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். நம் தோட்டத்து மண்ணும் மருந்தும் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை ஓடை மீன் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே இது நம் பேச்சுதான்.

நீலகிரியில் மீன் பாதுகாப்பு பழைய கதை. 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879-இல் வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கத் தனிச் சட்டமே வந்தது. குளிர்நீர் மீனான டிரவுட்டை இங்கே வளர்க்க 1863-இல் பிரான்சிஸ் டே முயன்றார்; பலிக்கவில்லை. பின்னர் எச். சி. வில்சன் முயற்சியால் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அனுமதிச்சீட்டு வாங்கியே தூண்டில் போட வேண்டும் என்ற ஒழுங்கும் இருந்தது.

ஆனால் அந்தக் காவல் பெரும்பாலும் தூண்டில்காரர் விரும்பிய மீனுக்குத்தான். டிரவுட் மேல்மலைக் குளிர்நீருக்கு உரியது. நம் பகுதியின் பாண்டியாறோ புன்னம்புழையுடன் கூடிச் சாலியாற்றில் கலந்து, பேப்பூரில் அரபிக்கடலை அடைகிறது. இந்த நீரில் வாழ்பவை இம்மண்ணின் சொந்த மீன்கள். இவற்றுக்குச் சங்கமும் இல்லை, காவலரும் இல்லை. ஓடைக் கரையில் நிலம் வைத்திருக்கும் நாமே காவலர்.

என்ன செய்யலாம்?

ஒன்று: தெளிப்பானையும் மருந்துப் புட்டியையும் ஓடையில் கழுவக் கூடாது. தேயிலைக் கொசுவுக்கு அடிக்கும் மருந்துகளில் பைரித்திராய்டு வகை மீனுக்கும் நண்டுக்கும் கொடிய நஞ்சு, சிறிதளவே போதும். கழுவிய நீரை ஓடைக்கு எட்டாத தோட்டப் பகுதியிலேயே தெளித்துவிடுங்கள்.

இரண்டு: மண்ணைத் தோட்டத்திலேயே நிறுத்துங்கள். கலங்கல் நீரின் வண்டல் படிந்தால் கூழாங்கற்களிடையே உள்ள முட்டைகள் மூச்சுத் திணறி அழியும். கவாத்துத் தழையை வரிசைகளுக்கிடையே பரப்புங்கள். சரிவுக்குக் குறுக்கே வடிகால் எடுத்து, அதில் வண்டல் குழிகள் வெட்டுங்கள். மீனுக்கு மட்டுமல்ல, நம் மேல்மண்ணுக்கும் இதுவே காப்பு.

மூன்று: ஓடைக் கரையில் பத்தடியாவது மூங்கிலும் நாட்டு மரங்களும் நிற்கட்டும். சில தேயிலைச் செடிகள் குறையும், உண்மைதான். ஆனால் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட மழையில் கரையைப் பிடித்து நிறுத்த உதவுவது வேர்தான்.

நான்கு: தென்மேற்குப் பருவமழையின் புதுவெள்ளத்தில் பல மீன்கள் முட்டையிட மேலே ஏறும். அப்போது ஓடையை மறித்துப் பறி வைக்காதீர்கள். ஒரு சினை மீனைப் பிடித்தால் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் போயின. கோடையிலும் வெடியோ பிளீச்சிங் பவுடரோ போடுவது கூடவே கூடாது. 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே வெடியையும் நஞ்சையும் தடுக்கிறது. மேலும், அந்த நீரைத்தான் கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள்.

ஐந்து: நீர்நாயைப் பகையாக எண்ணாதீர்கள். நம் மலையோடைகளின் சிறு நீர்நாய் பெரிதும் நண்டு தின்பது. அது நடமாடினால் ஓடையில் உயிர் இருக்கிறது என்று பொருள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம்.

ஆறு: குட்டையில் வளர்க்கும் திலேப்பியாவையோ, வளர்க்கவே தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியையோ ஓடையில் விடாதீர்கள். வந்த மீன் பெருகினால் சொந்த மீனுக்கு இடமிராது.

கர்நாடகத்தில் சிருங்கேரி மடத்தருகே துங்கா நதியில் பெருமீன்கள் கூட்டங்கூட்டமாக நீந்துவதைக் காணலாம். அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. ஊரின் கட்டுப்பாடே காவல். நாமும் அவ்வாறே, ஒரே ஓடைக்கரை விவசாயிகள் கூடிப் பேசி, கோடையிலும் வற்றாத ஒரு மடுவைத் தேர்ந்தெடுத்து, 'இதில் மீன் பிடிப்பதில்லை' என்று முடிவு செய்யலாம். செலவு ஏதுமில்லை. கோடையில் அங்கே தங்கிப் பிழைத்த மீன்களே அடுத்த மழையில் ஓடை முழுவதையும் நிரப்பும்.

இந்த ஜூன் மழைக்கு முன்பே அந்த மடுவைத் தேர்ந்தெடுங்கள்.