கடல் கடந்த நம் பெண்கள்
(உத்திரமேரூர்க் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இவ்வூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி நாம் வெகு பெருமையாய்ப் பேசிக் கொள்ளுகிறோம். 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய அவ்விதிகளில் நிலமுள்ளவனுக்கும் வேதம் படித்தவனுக்கும் இடமுண்டு. உழைக்கும் பெண்ணுக்கு என்ன இடமிருந்தது? யோசித்துப் பாருங்கள்.

அப்படிப்பட்ட பெண்கள்தான் பிழைப்புக்காக இலங்கை மலைக்குப் போனார்கள். காப்பித் தோட்டக் காலத்தில் பெரும்பாலும் ஆண்களே பருவத்துக்குப் போய்த் திரும்பினார்கள். காப்பி நோயால் அழிந்து தேயிலை வந்ததும் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் கை வேண்டியிருந்தது. ஆகவே பெண்களும் குடும்பத்தோடு போனார்கள். கடல் கடக்கக் கூடாதென்ற சாஸ்திரம் பசியின் முன் நிற்கவில்லை. ஆனால் சாதி மாத்திரம் கூடவே கப்பலேறிற்று; லயத்து அறைகளைக் கூடச் சாதி பார்த்தே கொடுத்தார்கள்.

போன பெண் என்ன செய்தாள்? குளிருக்குக் கம்பளி போர்த்தாள். இடுப்பில் படங்கு கட்டினாள். அட்டை கடித்த காலோடு மலையேறினாள். மாலையில் வந்து அடுப்பும் மூட்டினாள். புது நாட்டுக்கு அவள் தன்னை மாற்றிக் கொண்டாள். அந்நாடு அவளுக்காக மாறிற்றா? 1927ஆம் ஆண்டுக் கூலிச் சட்டம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்குக் குறைவாக ஒன்று என்றது. சமக் கூலி 1984இல்தான் வந்தது. அந்தக் கூலியையும் பல இடங்களில் புருஷனே வாங்கினான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964இல் இரண்டு அரசாங்கங்களும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பங்கு பிரித்தன. மீதிப் பேருக்குக் குடியுரிமைச் சட்டம் வர 2003 ஆயிற்று.

தோழர்களே! இது அக்கரைக் கதையென்று கைதட்டிவிட்டுப் போகாதீர்கள். நம் வட்டாரச் செங்கற்சூளைகளுக்கு இன்று ஒடிசாப் பெண்கள் வருகிறார்கள். முன்பணம் குடும்பத்துக்கு; கணக்கு புருஷன் பேரில்; மண் மிதிப்பதும் கல் அடுக்குவதும் அவளும்தான். அவள் பாஷையைக் கேட்டு நம்மில் சிலர் சிரிக்கிறோம். அன்று கண்டியில் நம் பெண்ணைக் கண்டு சிரித்தவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

வந்தவள் நம் வழக்கத்துக்கு இணங்க வேண்டுமென்று உபதேசிப்பது சுலபம். அவள் கூலி அவள் கையில் சேர வேண்டும். அவள் பிள்ளை நம் பிள்ளையோடு பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டும். இதற்கு முயலாத வரையில், இலங்கைத் தமிழச்சிக்காகக் கண்ணீர் விட நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?