இரைச்சல் குறைய, சூடும் குறைய



அக்னி நட்சத்திர நாளில், செஞ்சிப் பக்கத்து அனந்தபுரத்தில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று பாருங்கள். வில்லங்கம் பார்க்க வந்த பெரியவர் சர்வே எண்ணைச் சொல்கிறார். கணினி முன் இருக்கும் பெண், “சத்தமாச் சொல்லுங்க தாத்தா” என்கிறார். மேசைக்கடியில் இரையும் சி.பி.யூ. பெட்டிதான் காரணம். நாள் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது சின்னத் தொல்லை அல்ல.

இரைவது உள்ளே இருக்கும் ஃபேன்தான் என்று புது ஃபேன் வாங்கப் போனால் அட்டைப்பெட்டியில் டெசிபல் கணக்கு போட்டிருக்கும். அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பெரும்பாலும் அது ஃபேனைத் தனியாக, திறந்தவெளியில் ஓடவிட்டு அளந்தது. கேபினட்டுக்குள் போனதும் சல்லடை, பிராசசரின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்க், தூசி எல்லாம் காற்றை மறிக்கும். அங்கே காற்றைத் தள்ளும் அழுத்தம் வேண்டும். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த 120 மில்லிமீட்டர் ஃபேனில், இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளிதான். அந்த இடுக்கு வழியாகக் காற்று பின்வாங்கக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு நுணுக்கம். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

அவ்வளவு செலவு எல்லோருக்கும் தேவையில்லை. ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். பத்து டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தம்தான். 80 மில்லிமீட்டர் ஃபேன் தலைதெறிக்கச் சுற்றித் தள்ளுகிற காற்றை, 120 மில்லிமீட்டர் ஃபேன் மூன்றில் ஒரு பங்கு வேகத்திலேயே தள்ளிவிடும். அதனால் கேபினட்டில் இடமிருந்தால் பெரியதையே போடுங்கள். நான்கு பின் உள்ளதாகக் கேட்டு வாங்கினால், சூட்டுக்குத் தக்கபடி வேகத்தை மதர்போர்டே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டு ஃபேன்களை ஒப்பிடுபவர்கள் அறையின் சூட்டைக் கழித்துப் பார்க்க வேண்டும். மே மாதம் அறை 40 டிகிரி, பிராசசர் 85. மார்கழியில் அறை 25, பிராசசர் 70. இரண்டிலும் வித்தியாசம் 45 தான். ஃபேனின் திறமையில் மாற்றமில்லை. எந்த ஃபேனும் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை வைக்க முடியாது. ஒரே வேலையைக் கொடுத்து, ஒரே வித்தியாசம் வரும்படி இரண்டின் வேகத்தையும் சரிசெய்த பிறகு, எது குறைவாக இரைகிறது என்று கேளுங்கள். அதுதான் நியாயமான போட்டி.

கடைசியாக ஒன்று. ரோட்டோரக் கடைகளில் ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் புழுதி கம்பளிபோல் படிந்துவிடும். காற்று போக வழியில்லாமல் சூடு ஏற, ஃபேனும் வேகமெடுத்து இரையும். கரன்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷும் புளோயரும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட்டையும் மாற்றுங்கள். அதன் பிறகும் இரைந்தால் மட்டும் புது ஃபேனுக்குக் காசு செலவழியுங்கள்.