இரண்டு ரயில்கள் சந்திக்கும் இடத்துக்கு ஒரு பஸ்



மலைநாட்டு ரயில் பாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள், மலையைச் சுற்றி வந்து தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகப் புகுந்து செல்லும் தெமோதரை வளையத்தையும், அதற்கு அருகே 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தையும் வியந்து வர்ணிப்பது வழக்கம். வியப்பதற்கு அவை முற்றிலும் தகுதியுடையவைதாம். ஆனால், ஊவாவின் பஸ் நிலையங்களில் நேரக் காப்பாளனாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, அப்பாதையிலே அவற்றிலும் விசேஷமாகத் தோன்றுவது, கொழும்பிலிருந்து வரும் ரயிலும் கொழும்புக்குப் போகும் ரயிலும் ஏதோ ஒரு நிலையத்தில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு அருகருகே நிற்கும் அந்தச் சில நிமிஷங்களே. அந்த நிமிஷங்களுக்கும் நம் தோட்டத்து மக்களின் பஸ் பிரயாணத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலையேறிய இந்தப் பாதை, 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டி, அதற்குப் பின் முப்பது வருஷங்கள் கழித்து 1924இல்தான் பதுளைக்கு வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டி துறைமுகத்துக்குப் போவதே பிரதான நோக்கமாக இருந்த அந்தக் காலத்தில், லயத்திலிருந்து புறப்பட்டு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் அன்றைக்கே திரும்பி வர வேண்டிய ஒருவருடைய சௌகரியம் யாருடைய யோசனையிலும் இருந்திருக்க நியாயமில்லை. பாதை ஒற்றைத் தண்டவாளமாக அமைந்தது. ஆகவே எதிரும் புதிருமாக வரும் இரண்டு ரயில்கள், பக்கத் தண்டவாளம் உள்ள ஒரு நிலையத்தில் மாத்திரமே ஒன்றையொன்று கடக்க முடியும். இதைத்தான் ரயில்வேக்காரர்கள் கிராசிங் என்கிறார்கள்.

கிராசிங் ஒன்றைப் பொறுமையாக நின்று பார்த்திருக்கிறீர்களா? நிலைய அதிபரின் அறையில் டெப்லட் யந்திரம் ஒன்று இருக்கும். அடுத்த நிலையத்து யந்திரத்தோடு கம்பியால் இணைக்கப்பட்ட அதிலிருந்து, இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட பாதைக்கென ஒரே ஒரு உலோக வட்டை மாத்திரமே ஒரு நேரத்தில் வெளியே எடுக்க முடியும். அதைத் தோற்பையில் இட்டு, பெரிய வளையமொன்றில் மாட்டி, வரும் ரயிலின் சாரதியிடம் நீட்டுகிறார்கள். அவர் தாம் கொண்டுவந்த வளையத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்கிறார். அந்த வட்டு கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அடுத்த பகுதிக்குள் எஞ்சினைச் செலுத்தலாகாது என்பது நியமம். ஆகவே முதல் ரயில் வந்து காத்திருக்க, எதிர் ரயில் வந்து தன் வளையத்தை ஒப்படைக்க, அது யந்திரத்துக்குள் போய், மணி ஒலித்து, அடுத்த வட்டு வெளியே வந்த பிறகுதான் காத்திருந்த ரயில் நகர்கிறது. இவ்வளவு காரியங்களும் நடந்து முடிய வேண்டியிருப்பதால், அந்த நிலையத்தில் இரு திசைப் பிரயாணிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கூடி நிற்கிறார்கள்.

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான், நேயர்களே. ரயில்கள் எங்கே சந்திக்கும் என்பதைத் தண்டவாளம் தீர்மானிக்கிறது. அதை நம் இஷ்டப்படி மாற்ற இயலாது. பஸ்ஸுக்கோ அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கிராசிங்குக்குக் கால் மணி நேரம் முன்னதாக ஒரு தோட்டத்து பஸ் ஸ்டேஷன் வாசலுக்கு வந்து, இரண்டு ரயில்களும் புறப்பட்டுப் போன ஐந்து நிமிஷத்துக்குப் பின் திரும்புமானால், கொழும்புப் பக்கம் போகிறவரையும் பதுளைப் பக்கம் போகிறவரையும் கொண்டுவந்து விட்டு, இரு பக்கமிருந்தும் வந்திறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு, ஒரே ட்ரிப்பில் நான்கு காரியங்களைச் செய்துவிடுகிறது. ரயில்கள் தனித்தனி நேரத்தில் வரும் இடங்களில் இதே நான்கு காரியங்களுக்கு இரண்டு ட்ரிப்புகள் ஓட வேண்டும். ஆகையால் தோட்டத்து பஸ்களுக்கு நேரம் குறிக்க உட்காருகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டிய காகிதம், எந்த நிலையத்தில் எத்தனை மணிக்குக் கிராசிங் என்பதைக் காட்டும் ரயில்வே அட்டவணையே என்பது என் திடமான அபிப்பிராயம்.

என் உத்தியோக காலத்து அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். சிறியதொரு நிலையத்தில், பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய்வந்த வயதான தாயொருவர், கிளினிக் கொப்பியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பிலே செருகிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஐயா, ரயிலு வளைவுல வர்றப்பவே கீழ எங்க தோட்டத்து பஸ்ஸு ஹோன் அடிச்சிக்கிட்டுப் போறது தெரியுதுங்க. அடுத்த பஸ்ஸுக்குப் பொழுது எறங்கிருதே” என்றார்.

“கொஞ்சம் உட்காருங்கம்மா, பார்க்கிறேன்” என்று சொல்லி அட்டவணையை விரித்தேன். அந்த பஸ், ஸ்டேஷன் வாசலில் நிற்காமலே திரும்பி, மலைமேல் தோட்டத்து முனையில், ஏறுவதற்கு ஆளே இல்லாத நேரத்தில், இருபது நிமிஷம் ஓய்வாக நின்றுகொண்டிருந்தது. சாரதிக்கும் நடத்துனருக்கும் ஓய்வு அவசியம். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அந்த ஓய்வை மலைமேல் எடுப்பதற்குப் பதிலாக ஸ்டேஷன் வாசலில் எடுத்தால் என்ன என்று கேட்டபோது, சாரதி சிறிது யோசித்துவிட்டு, தேநீர்க் கடையும் இங்கேதானே இருக்கிறது என்று மனமுவந்து சம்மதித்தார். அதன் பிறகு ரயில் வரும்போது பஸ் நின்றது. ஒரு சொட்டு டீசல் அதிகம் செலவாகவில்லை. ஒரு ஊழியர் கூடுதலாகத் தேவைப்படவில்லை. பஸ் சும்மா நிற்கும் நிமிஷங்கள் ஒவ்வொரு அட்டவணையிலும் உண்டு. அவை பிரயாணிக்குப் பிரயோஜனப்படும் இடத்தில் நிற்கின்றனவா என்பதே அன்று முதல் நான் எந்த அட்டவணையிலும் முதலில் தேடிப் பார்க்கும் விஷயமாயிற்று.

ரயில் தாமதித்தால் பஸ் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கேட்பீர்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் நம் பிரதேசத்தில் இது நியாயமான கேள்வியே. காலையில், பிள்ளைகளையும் வேலைக்குப் போகிறவர்களையும் ஏற்றும் பஸ், ரயிலுக்காகக் காத்திருக்கவே கூடாது. பாடசாலை மணி ஏழரைக்கு அடித்துவிடும். மாலையின் கடைசி பஸ்ஸோ கட்டாயம் காத்திருக்க வேண்டும். அதை விட்டவர் பசறைக்கும் மடுல்சீமைக்கும் இரவிலே நடந்து போகவா முடியும்? இடைப்பட்டவற்றுக்கு, நிலைய அதிபரும் நேரக் காப்பாளரும் ஒருவரோடொருவர் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் வழக்கம் ஒன்றே போதுமான உபாயம். பதுளையில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் அடுத்தடுத்து அமையாததால், மூட்டையும் குழந்தையுமாக நடந்து வருகிறவரின் நடையையும் கணக்கில் சேர்த்தே லுணுகலை பஸ்ஸின் நேரத்தைக் குறிக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பஸ் போய் நின்று திரும்பி நிற்க இரண்டு மணி நேரம் பிடிக்குமானால், மணிக்கொரு பஸ் விட இரண்டு பஸ்கள் போதும். அதே சுற்றுக்கு இரண்டு மணி பத்து நிமிஷம் ஆகுமானால், அந்தப் பத்து நிமிஷத்துக்காக மூன்றாவது பஸ் ஒன்றும் அதற்கொரு சாரதியும் நடத்துனரும் வேண்டியதாகிறது. ஆகவே பாதையில் ஒரு திருப்பத்தை அகலமாக்குவதோ, தேவையற்ற ஒரு தரிப்பைக் குறைப்பதோ ஒரு முழு பஸ்ஸையே மிச்சப்படுத்திவிடக்கூடும். அவ்வாறே, மணிக்கு நான்கு பஸ்கள் ஓடும் வீதியில் அவை கால் மணிக்கொன்றாக வந்தால் பிரயாணி சராசரியாக ஏழரை நிமிஷம் காத்திருக்கிறார். இரண்டிரண்டாக ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தால் அது பதினைந்து நிமிஷமாகிவிடுகிறது, டீசலோ ஒன்றுதான். 1958 ஜனவரி 1ஆம் திகதி அரசுடைமையான பஸ் சேவைக்குப் பக்கத்தில் 1979 முதல் தனியார் பஸ்களும் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து, இரு தரப்பாரும் ஒரே அட்டவணையில் முறைவைத்து ஓட வேண்டும் என்று எழுந்துவரும் கோரிக்கையின் அடிப்படை இந்தக் கணக்கே. மாணவரின் சீசன் டிக்கட் அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸில் மாத்திரமே செல்லுபடியாகும் என்பதால், ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும்போது வாசலுக்கு வரும் முறை யாருடையது என்பது ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு மிகவும் முக்கியமான விஷயம்.

இவையெல்லாம் நடக்கக்கூடியவையா என்று ஐயுறுகிறவர்களுக்கு, நம்மைப் போலவே மலைகளும் கணவாய்களும் நிறைந்த சுவிட்சர்லாந்தைச் சுட்டிக்காட்டுகிறேன். அங்கே 1982இல் நாடு முழுவதும் ரயில்கள் மணிதோறும் ஒரே நிமிஷத்தில் புறப்படும்படி அட்டவணையை மாற்றினார்கள். 1987இல் மக்கள் வாக்களித்து அங்கீகரித்த திட்டப்படி, 2004 டிசம்பரில் சூரிச்சுக்கும் பேர்னுக்கும் இடைப்பட்ட பிரயாணத்தை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக்கினார்கள். ரயில்கள் மணிக்கு மணி முக்கிய நிலையங்களில் கூடி, பிரயாணிகள் மாறி ஏறி, மறுபடி பிரிய வேண்டும் என்பதே நோக்கம்; அதற்குத் தேவையான வேகத்துக்கு மேல் அவர்கள் பணத்தைச் செலவிடவில்லை. மலைக்கிராமத்துத் தபால் பஸ் அந்த ரயிலுக்காகவே ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. நம் பாதையில் ரயில்கள் மிகக் குறைவு. மணிக்கொன்று என்பது இன்றைக்கு எட்டாத காரியம். எனினும் ரயில் குறைவாக உள்ள இடத்தில்தான் தவறவிட்ட ஓர் இணைப்பு ஒரு முழு நாளையே, ஒரு நாட்கூலியையே, தோட்டத் தொழிலாளியிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

எனக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் முடிவடையப் போவதாக இங்கே சைகை காட்டுகிறார்கள். பெரகலையிலிருந்து வரும் வீதியும் வெலிமடையிலிருந்து வரும் வீதியும் கூடுகிற, ரயில் நிலையமும் வாய்ந்த ஹாலிஎலவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். ரயில்வே அட்டவணை அடுத்த முறை மாறும்போது, ரயில்வே அதிகாரிகளும், இ.போ.ச. டிப்போக்களும், தனியார் பஸ் உரிமையாளர்களும், தோட்டங்களிலிருந்து இரண்டொரு தாய்மாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, கிராசிங் நேரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் நேரங்களை எழுதுவார்களென்றும், எழுதியவற்றை ஸ்டேஷன் வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டுவார்களென்றும் மனதார நம்பி உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.