பூவுக்குத் தூது செல்லும் பூச்சிகள்



பூச்சி என்றாலே பகை என எண்ணுகிறோம். ஆயினும், பால்மரப் பூக்களைக் காயாக்குபவை மிகச் சிறிய ஈக்களும் பூச்சிகளுமேயாகும்.

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. ஒரே மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு வேளையில் மலர்வதால், பல தோட்டங்களில் தொழிலாளரே மகரந்தத்தைத் தூவ நேர்ந்தது. 1981இல் கெமரூன் நாட்டு வண்டு இங்கு விடப்பட்டது. சோம்பு மணத்தை நாடி அது பூவுக்குப் பூ சென்றது. கைவேலை குறைந்தது, காய்ப்பு பெருகியது.

காட்டுப் பூக்கள் பலவற்றுக்கும் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தூது. வீட்டருகே பூசணி பூத்திருக்கும் காலையில் பூச்சி மருந்து தெளிக்காதீர்கள்; தேனீ மடிந்தால் காயும் இல்லை.