லாஸ்ட் நேம் இல்லாதவர்கள்



பன்னிரண்டு வாரத் தீவிரப் பயிற்சியில் யூஎக்ஸ் டிசைன் படிக்கச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. "படம் வரையுற படிப்பா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இல்லை. ஒரு செயலியைப் பயன்படுத்துபவர் எங்கே தடுமாறுகிறார், ஏன் தடுமாறுகிறார் என்று கண்டறிந்து சரிசெய்வதுதான் இந்த வேலை. இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான டான் நார்மனின் அடிப்படைக் கருத்து எளிமையானது: கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் குழம்பினால், குறை அவரிடம் இல்லை, கதவின் வடிவமைப்பில் இருக்கிறது.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. படிவத்தை நிரப்பத் தெரியாமல் நின்றபோதெல்லாம் "உனக்குத்தான் விவரம் பத்தாது" என்றே நம்மிடம் சொன்னார்கள். படிவம் சரியில்லை என்று யாரும் சொன்னதில்லை.

முதல் வாரத்தில் ஒரு பதிவுப் படிவத்தை ஆராயச் சொன்னார்கள். அதில் 'லாஸ்ட் நேம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்ப வேண்டும். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. அதன் பிறகு தமிழ்நாட்டில் பெரும்பாலோர் ஒற்றைப் பெயரும் இனிஷியலுமாக வாழ்கிறோம். இயக்கம் காலி செய்த அந்த இடத்தைத்தான் மென்பொருள் நட்சத்திரம் போட்டுக் கேட்கிறது. இனிஷியலைப் போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்கிறது. அப்பா பெயரைப் போட்டால், அதன்பின் வரும் மின்னஞ்சலெல்லாம் அப்பாவை விளித்து வருகிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் 'எஃப்என்யு', அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அச்சாகிறது.

இதில் யாருடைய சதியும் இல்லை. வடிவமைத்தவர்கள் தங்கள் பெயர் போலவே எல்லோர் பெயரும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சாதியும் பெரும்பாலும் அப்படித்தான் வேலை செய்கிறது.

இரண்டாவது விஷயம், ஐந்து பேர் கணக்கு. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று ஜேகப் நீல்சன் 2000இல் எழுதினார். பயன்படுத்துவோர் வெவ்வேறு குழுக்களாக இருந்தால் ஒவ்வொரு குழுவிலும் சோதிக்க வேண்டும் என்றும் அவரே சொல்கிறார். வகுப்பில் முதல் பாதிதான் நினைவில் நிற்கிறது. ஆளுக்கு ஐந்து பேரைப் பிடிக்கச் சொன்னால், கல்லூரி நண்பர், சித்தப்பா மகன், அடுக்குமாடிப் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு மணி நேரத்தில் பட்டியல் தயார். நம் ஊரில் நண்பர் வட்டம் என்பது பெரும்பாலும் சாதி வட்டம்தானே?

நான் சோதித்தவர்களில் ஒருவர் தூய்மைப் பணியாளரான ஓர் அக்கா. செயலியில் ஓடிபி கேட்கும் இடத்தில் நின்றுவிட்டார். பதிவு செய்த எண் மகனுடையது. போனோடு அவன் வேலைக்குப் போய்விட்டான். 'ஒரு ஆளுக்கு ஒரு போன்' என்பது வடிவமைத்தவரின் வாழ்க்கை, அக்காவின் வாழ்க்கை அல்ல.

ரேஷன், உதவித்தொகை, வேலைக்கான விண்ணப்பம் எல்லாம் திரைக்குள் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. திரையில் தடுக்கப்படுபவர் உரிமையிலிருந்தே தடுக்கப்படுகிறார். எனவே இந்தத் துறைக்கு வாருங்கள் தோழர்களே. வந்த பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அந்த ஐந்து பேர் யார்? அந்த நட்சத்திரம் எதற்கு?