குஞ்சுக்கு முன்னே உணவு: வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன் வளர்ப்பு

(எமது சங்கத்தின் இளையோர் பிரிவு நடத்திய மாலைக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மீன் என்றவுடன் எங்கட ஆக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குழம்பும் சொதியும்தான். இது சட்டிக்குப் போகாத மீன். செம்மஞ்சள் உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டி. தமிழில் கோமாளி மீன் என்கிறோம். 2003 இல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்த பிறகு பிள்ளையள் எல்லாருக்கும் இது நீமோதான்.

படத்தைப் பார்த்த பிள்ளை மீன் கேட்கும். நாங்களும் கடைக்குப் போய் இரண்டு வாங்கிக் கொடுப்போம். அந்த மீன் எங்கிருந்து வந்தது எண்டு கேட்பவர்கள் குறைவு. கடையில் விற்கும் கடல் மீன்களில் பெரும்பகுதி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளின் பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவை. வலையால் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். சயனைட் கரைசலைப் பாறை இடுக்குக்குள் பீச்சி, மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் அந்தக் கடல்களில் 1960கள் தொட்டு இருந்து வருகிறது. அந்த நஞ்சு பவளத்தையும் சேர்த்துக் கொல்லும்.

கோமாளி மீனைப் பொறுத்தமட்டில் இதற்கு மாற்று வழி உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் இந்த மீனைத் தொட்டியிலேயே பெருக்கி விற்பனைக்குக் கொண்டு வந்தார். எங்கள் மன்னார்க் கடலுக்கு அக்கரையில், மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. வீட்டிலும் செய்யலாம். எப்படி என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் சோடி. கோமாளி மீன்கள் பிறக்கும்போது ஆணுமில்லை, பெண்ணுமில்லை. கூட்டத்தில் பெரியதும் பலமானதும் பெண்ணாகும். அதற்கு அடுத்தது ஆணாகும். பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும். பெண்ணான மீன் திரும்ப ஆணாகாது. ஆகவே கடையில் ஒரு பெரிய குஞ்சும் ஒரு சின்னக் குஞ்சுமாக வாங்கி ஒன்றாக விட்டால் போதும். வளர்ந்த இரண்டு பெண்களை ஒரு தொட்டிக்குள் விட்டால் ஒன்று மற்றதைக் கடித்தே கொன்றுவிடும்.

தண்ணீரின் சூடு 26 முதல் 28 பாகை சென்ரிகிறேட். உப்பு கடல் மீனுக்கென்று விற்கும் உப்பாக இருக்க வேண்டும், கறியுப்பு சரிவராது. கடலில் இவை கடல் சாமந்திக்குள் வாழ்ந்தாலும், தொட்டியில் அது இல்லாமலே முட்டையிடும். ஒரு மண் பூச்சாடியையோ தரை ஓட்டுத் துண்டையோ சாய்த்து வைத்தால் அதில் ஒட்டிவிடும். இந்தக் குணம் எங்களுக்குப் பெரிய உதவி. எத்தனையோ கடல் மீன்கள் முட்டையைத் தண்ணீரில் சிதற விட்டுவிடும். அவற்றைப் பொறுக்கி எடுப்பதே பெரும்பாடு.

ஒரு தடவைக்குச் சில நூறு முட்டை. முதல் நாள் செம்மஞ்சளாக இருக்கும், பிறகு கறுத்து வரும், கடைசி நாட்களில் வெள்ளிப் பொட்டுப் போலக் கண்கள் மினுங்கும். அது வரைக்கும் தகப்பன் மீன் செட்டையால் விசிறிக்கொண்டு நிற்கும், கெட்ட முட்டையை வாயால் எடுத்துவிடும். ஏழு எட்டு நாளில், தண்ணீர் குளிரென்றால் பத்து நாளில், இருட்டிய பிறகு ஓரிரு மணித்தியாலத்துக்குள் பொரிக்கும்.

சபையோரே, இது வரைக்கும் நடந்த வேலை எல்லாம் மீனின் வேலை. எங்களுடைய வேலை பொரித்த பிறகு தொடங்குது எண்டு பலபேர் நினைக்கிறார்கள். அப்படி நினைத்தால் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது. எங்கள் வேலை பொரிப்பதற்கு ஒரு மாதம் முந்தியே தொடங்கவேண்டும்.

ஏனென்று கேளுங்கள். பொரித்த குஞ்சின் நீளம் 3 அல்லது 4 மில்லிமீற்றர். அதன் வாய் எவ்வளவு சிறிதாக இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கடையில் விற்கிற தூள் உணவை அது திரும்பியும் பாராது. அசைகிற உயிரைக் கண்ணால் கண்டு கொத்துவதுதான் அதன் பழக்கம். அந்த வாய்க்கு அளவான உயிர் ரொட்டிஃபர் என்னும் சக்கர உயிரி. ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தொடக்கம் மூன்று பங்கு வரைதான் அதன் அளவு. அதற்கும் ஒரு சாப்பாடு வேணும். அதன் சாப்பாடு நுண்பாசி கலந்த பச்சைத் தண்ணி. பச்சைத்தண்ணி எண்டவுடன சுடவைக்காத தண்ணி எண்டு எடுத்துப் போடாதேங்கோ. நான் சொல்வது உண்மையாகவே பச்சை நிறமான தண்ணி. நுண்பாசியை நாமே வளர்க்கலாம். குழம்பாக்கிப் போத்தலில் அடைத்தும் விற்கிறார்கள், பிறிட்ஜில் வைத்துப் பாவிக்கலாம்.

ஆக, பாசியைச் சக்கர உயிரி தின்ன, அதைக் குஞ்சு தின்னும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் குஞ்சு பட்டினிதான்.

கணக்கையும் பார்ப்போம். குஞ்சுத் தொட்டி 40 லீற்றர் என்று வையுங்கள். ஒரு மில்லிலீற்றருக்குப் பத்துச் சக்கர உயிரி இருந்தால் குஞ்சு தேடி அலையாமல் தின்னும். அப்படியென்றால் தொட்டிக்கு மட்டும் நாலு இலட்சம் வேணும். மில்லிலீற்றருக்கு நூறு வீதம் வளர்ந்த 20 லீற்றர் வாளியில் இருபது இலட்சம் இருக்கும். அதில் நாளுக்குக் கால்வாசி எடுத்தால் ஐந்து இலட்சம் வரும், மிச்சம் பெருகி வாளியை நிரப்பும். இந்த வாளி திடீரென்று ஒரு இரவில் செத்துப் போவதும் உண்டு. அதனால் இரண்டு வாளி, இரண்டும் வெவ்வேறு இடத்தில், ஒன்றின் கரண்டி மற்றதில் படாமல் இருக்கவேணும். இரண்டு கிழமை பிழையில்லாமல் வாளி ஓடின பிறகுதான் குஞ்சைப் பற்றி யோசிக்கலாம். அவசரம் வேண்டாம். பழகின சோடி இரண்டு கிழமைக்கு ஒருக்கா முட்டையிடும்.

பொரிக்கும் நாள் வந்தால், பொழுதுபட முன்னம் ஓட்டுத் துண்டை முட்டையோடு எடுத்து, தாய்த் தொட்டித் தண்ணீரே நிரப்பிய குஞ்சுத் தொட்டியில் வையுங்கள். தகப்பன் விசிறிய வேலையை இனிக் காற்றுக் குமிழி செய்யவேணும். குமிழி முட்டைக்குப் பக்கத்தால் மெல்ல ஏறட்டும். துணியால் மூடி முழு இருட்டாக்குங்கள். அன்றைக்குப் பொரிக்காவிட்டால் அடுத்த இரவு பாருங்கள். குஞ்சை இடம்மாற்ற வேண்டி வந்தால் வலை போடக்கூடாது. கோப்பையால் தண்ணீரோடு மொண்டு எடுக்கவேண்டும்.

தொட்டியின் பக்கங்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். கண்ணாடியில் வெளிச்சம் தெறித்தால் குஞ்சுகள் அதையே நாடிப்போய் முட்டி மோதிக் களைத்துச் சாகும். மங்கலான வெளிச்சம் மேலிருந்து மட்டும் வரட்டும். முழு இருட்டும் ஆகாது, இருட்டில் அவை சாப்பிடா. தண்ணீர் இலேசான பச்சையாக இருந்தால் வெளிச்சமும் தணியும், சக்கர உயிரிகளும் பசியில்லாமல் இருக்கும். பசித்த சக்கர உயிரியைத் தின்ற குஞ்சு வயிறு நிறைந்தும் பலம் பெறாது.

தண்ணீர் கண்ணாடி போல இருந்தால் நல்லது என்று எங்கள் கைக்கு ஒரு பழக்கம். குஞ்சுத் தொட்டியில் அப்படிப்பட்ட தண்ணீர் வெறும் சட்டி. அதில் அவை இரண்டு மூன்று நாள் முட்டையிலிருந்து கொண்டுவந்த சத்தில் ஓடித்திரியும், நாங்களும் நல்லாய் இருக்கெண்டு நினைப்போம். பிறகு மொத்தமாகச் செத்துக் கிடக்கும். வருத்தம் வந்து செத்தது என்பார்கள். கூடுதலானவை சாவது பசியால்.

மற்ற எதிரி அமோனியா. அடியில் கிடக்கும் அழுக்கை மெல்லிய குழாயால் நாள்தோறும் உறிஞ்சி எடுத்து, அந்த அளவு புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

ஆறாம் ஏழாம் நாளில் ஆர்ட்டிமியா என்னும் உப்புநீர் இறாலின் குஞ்சைக் கொடுக்கத் தொடங்கலாம். அதன் முட்டையை வாங்கி, உப்புத் தண்ணீரில் காற்று விட்டு வைத்தால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிக்கும். பொரித்த கையோடு கொடுக்கவேணும், வைத்திருந்தால் சத்துக் குறையும். கோதை நீக்கிவிடுங்கள். எங்கள் பிள்ளைக்குச் சோறு தீத்தத் தொடங்கினவுடன் பாலை நிற்பாட்டுகிறோமா? இதுவும் அப்படித்தான். சக்கர உயிரியையும் சில நாள் சேர்த்தே கொடுக்கவேணும்.

எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் உருமாற்றம் நடக்கும். உடம்பு செம்மஞ்சளாகும், தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டி விழும், மேலே திரிந்தது அடிக்கு இறங்கும். பலவீனமானவை இந்தக் கட்டத்தில் கழியும். தாண்டியவை பெரும்பாலும் பிழைக்கும்.

இதில் பணம் வருமா எண்டு கேப்பியள். மின்சாரம், உப்பு, பாசிப் போத்தல் எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒன்றிரண்டு தொட்டி வைத்திருப்பவருக்குச் செலவு திரும்பினாலே பெரிது. வேறொரு கேள்வியைத்தான் நீங்கள் முதலில் கேட்கவேண்டும். நூறு குஞ்சு பிழைத்தால் அவை எங்கே போகும்? நல்ல பராமரிப்பில் 20 வருடம் வரை வாழக்கூடிய உயிர் இது. விற்கும் அளவுக்கு வளர்க்கவே பல மாதம் வேணும். எடுக்கச் சம்மதிக்கும் கடையையோ நண்பரையோ முதலே பேசி வைக்காமல் தொடங்க வேண்டாம். வேலைக்குப் போய்வருகிற வீட்டில், இந்த இரண்டு கிழமையும் காலையும் மாலையும் யார் வாளியைப் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். பிள்ளையின் ஆசைக்குத் தொடங்கி, பிள்ளை மறந்த பிறகு பசியில் சாக விடுவது நல்ல காரியமில்லை.

இதைச் செய்ய வசதியில்லாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கடையில் மீன் வாங்கும்போது, "இது தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தொட்டியில் பிறந்ததையே வாங்குங்கள். நாலுபேர் கேட்டால் கடைக்காரர் தானாக மாறுவார்.

இளையோரே, வாளியைத் தொடங்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். வீட்டில் ஓடுகிற வாளியிலிருந்து ஒரு போத்தல் சக்கர உயிரி தருவேன். விலை இல்லை. உங்களுடையது நன்றாகப் பெருகினால் அடுத்தவருக்கு ஒரு போத்தல் கொடுங்கள்.