காது கேளாத பிள்ளையும் சட்டக் கல்வியும்



பீடோர் வட்டாரத் தோட்டமொன்றில், எங்களிடம் சில ஆண்டுகள் பயின்ற ஒரு பெண் பிள்ளைக்குக் காது கேளாது. பின்னர் காது கேளாதோர் பள்ளிக்குச் சென்றாள்; படிவம் ஆறும் முடித்தாள். "சட்டம் படிக்கப் போகிறேன்" என்று ஒரு நாள் தாளில் எழுதிக் காட்டினாள். தாயார் எங்களிடம் ஓடி வந்தார். "வக்கீல் வேலை பேசுற வேலையாச்சே, வாத்தியாரையா! இவள் எப்படிப் பேசுவாள்?" அந்த அம்மாளைக் குறை சொல்வதற்கில்லை. எங்களுக்கும் அன்று உடனே பதில் வரவில்லை.

பெங்களூரைச் சேர்ந்த சாரா சன்னி என்பவர் காது கேளாத வழக்கறிஞர். 2023 செப்டம்பரில், சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு, காணொளி வழியாக இந்திய உச்ச நீதிமன்றத்தில் தோன்றினார். அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அதற்கு அனுமதி அளித்தார். 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றத்திலும் ஒரு பெண்ணுக்காக வாதாடினார். அமெரிக்காவிலோ, 2016ஆம் ஆண்டில் காது கேளாத வழக்கறிஞர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் உச்ச நீதிமன்றத்தில் ஒரே நாளில் பதிவு பெற்றார்கள். தலைமை நீதிபதி தம் கைகளாலேயே சைகை செய்து அவர்களை ஏற்றுக்கொண்டார். இவற்றைச் சொன்னபோது தாயார், "அப்படியானால் எந்தக் காலேஜில் சேர்ப்பது?" என்று கேட்டார்.

அங்கேதான் சிக்கல். நம் பிள்ளை வீட்டில் பார்ப்பது தமிழ் பேசும் வாய்கள். பள்ளியில் கற்றது மலேசியச் சைகை மொழியும் தேசிய மொழியும். சட்ட விரிவுரைகளும் தீர்ப்பு நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலம். ஆகையால் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், விரிவுரை எந்த மொழியில் நடக்கிறது, அம்மொழியைச் சைகையாக்கத் தெரிந்தவர் கிடைப்பாரா, அவருக்குக் கூலி கொடுப்பது யார் என்று கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால், பேசப் பேசத் திரையில் எழுத்தாக வரும் ஏற்பாடு உண்டா? விரிவுரைக் குறிப்புகளை முதல் நாளே தருவார்களா? மாதிரி நீதிமன்றப் பயிற்சியில் வாய்மொழி வாதத்துக்கு மதிப்பெண் உண்டு. அதை இப்பிள்ளை சைகையால் செய்யலாமா?

வாயசைவைப் பார்த்தே படித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பினால் பாடம் போயிற்று. நாங்களே பலகையைப் பார்த்துக்கொண்டு பேசிய நாட்கள் எத்தனையோ! அந்தப் பிள்ளை எவ்வளவு இழந்தாளோ.

இன்னொன்று. மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப் பட்டதாரிகள் சி.எல்.பி. தேர்வு எழுத வேண்டியதில்லை. தனியார் கல்லூரியில் படித்து லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெறுவோர் அதை எழுதியாக வேண்டும். அதற்கு மேலும் செலவு, மேலும் ஒரு மொழிபெயர்ப்பாளர். பட்டத்துக்குப் பிறகு ஒன்பது மாதம் வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சி உண்டு. அந்த அலுவலகத்தையும் இப்போதே மனத்தில் வைக்க வேண்டும்.

2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், அரசாங்கமானாலும் தனியாரானாலும் கல்வி நிலையங்கள் தக்க வசதி செய்து தர வேண்டும் என்கிறது. சமூக நல இலாகாவின் ஓ.கே.யூ. அட்டையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்; பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அதுவும் பணம் கட்டுவதற்கு முன்பே. பாதியில் கேட்டால் ஓராண்டு வீணாகும்.

மூன்று கல்வி நிலையங்களுக்கு அந்தப் பிள்ளை கடிதம் எழுதினாள். ஒன்றிலிருந்து இரண்டே வரி பதில். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவதில் அவளை நேரில் வரச் சொல்லி, மொழிபெயர்ப்பாளரை அவர்களே அழைத்து வருவதாக எழுதியிருந்தார்கள். அடுத்த வாரம் தாயும் மகளும் பேருந்தில் புறப்படுகிறார்கள்.